மயக்கத்தில் ஒரு தாய்மாமன்

எடிசன், நியூஜெர்சி.

அன்புள்ள புஷ்பவல்லி அக்காவுக்கு, பிரிட்டிஷ் டிவியை இருபது வருஷம் கட்டி ஆண்டுவிட்டு, இப்போது அமெரிக்க சீரியலில் படுத்துக்கிடக்கும் உன் தம்பி வெள்ளியங்கிரி கும்பிட்டு எழுதுவது. உன் சர்க்கரை, மச்சானின் முட்டிவலி எல்லாம் எப்படி இருக்கு?

படுத்துக்கிடப்பது நிஜம்தான். கதையில் நான் டாக்டர். கார் மோதி மாசக்கணக்காகக் கோமா. ஒப்பந்தம் இருப்பதால் நானாக விலக முடியாது. உன் மகள் வெண்பா கல்யாணத்துக்குத் தாய்மாமன் வர வேண்டாமா? "ஒண்ணு எழுப்புங்க, இல்லே கொன்னுடுங்க" என்று டைரக்டரிடம் கெஞ்சினேன். மனசு இரங்கி, இந்த வாரமே கொல்வதாகச் சொன்னார்.

நேற்று சாவுக்கு முந்தைய காட்சி. கதையில் என் மகள் கல்யாண உடையில் வந்து என் கையைப் பிடித்தாள். எனக்கு வெண்பா ஞாபகம். மூடின கண்ணிலிருந்து பவானி ஆறே புறப்பட்டுவிட்டது! செட்டே கைதட்டியது. "கோமாவிலேயே அழறாரே! இவரைப் போய்க் கொல்றதா?" என்று டைரக்டர் குதித்தார். என் சாவு ரத்து.

கவலைப்படாதே அக்கா. உலகத்திலேயே படுத்தபடி சம்பாதிக்கும் ஒரே மகாராஜா நான்தான். ஒரு இலவம்பஞ்சுத் தலையணை மட்டும் அனுப்பு. மாமன் சீர்த்தட்டை இப்பவே வேறு யாரிடமும் கொடுத்துவிடாதே. வெண்பா மணமேடை ஏறும்வரை வாசலைப் பார்.

கூப்பிடுகிறார்கள். போய்ப் படுக்கணும்.

உன் தம்பி,
வெள்ளியங்கிரி