பேசுவோர் இருவர்

மார்ச் 3, 2191. 08:10
செவ்வாய், தென்முகாம். அகராதித் தொகுப்பாளர் எஸ்தர் ராஜகனி. காற்றழுத்தம் சீர். மின்கலம் நிறைவு.
சுரங்கத்தை மூடியதும் எல்லோரும் பூமிக்குப் போய்விட்டார்கள். இந்த மண்ணில் முளைத்த தமிழை எழுதி முடிக்க நான் தங்கினேன். எந்திரங்களைப் பார்த்துக்கொள்ள வடகுழியில் ஸ்தனிஸ்லாஸ் தங்கினார். நடுவே இரண்டு நாள் வண்டிப் பயணம். பேச்செல்லாம் வானொலியில்தான்.
இன்று பதிந்தது: தூவானம் – கூரைமேல் புழுதி மெல்லச் சொரிவது. (இங்கே மழை இல்லை.)

மார்ச் 9. 11:40
'மக்கிருட்டு' என்பதற்குக் 'கும்மிருட்டு' என்று பொருள் எழுதியிருந்தேன். ஸ்தனிஸ்லாஸ் சிரித்துவிட்டார்.
"யக்கா, இருட்டுன்னா வெளக்கு போட்டா போயிரும்லா? மக்கிருட்டுல வெளக்கு போட்டாலும் உங்க கை உங்களுக்குத் தெரியாது. புழுதி வெளிச்சத்தையே முழுங்கிரும்."
திருத்தினேன். எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியம் கேட்டேன்.
"வடக்க மக்கிருட்டு கெளம்பிட்டு. போதுமா?"
அது எடுத்துக்காட்டு அல்ல. செய்தி.

மார்ச் 12. 14:05
புயல். வடகுழியின் சூரியத் தகடுகள் புதைந்துவிட்டன. அவருடைய காற்று எந்திரம் நின்றுவிட்டது. இருக்கிற காற்று நாளை வரை தாங்கும்.
இரண்டு நாள் வழி என்று தெரிந்தும் வண்டியை எடுத்தேன். முதல் மேட்டிலேயே சக்கரங்கள் புதைந்தன. முகாமிலிருந்து வழிக்காகக் கட்டியிருந்த கம்பியைப் பிடித்து நடந்து திரும்பினேன். அவரிடம் மறைக்கவில்லை.
"சரி, விடுங்கக்கா. சும்மா கெடந்தா பயமாருக்கு. ஏதாவது சொல்லு கேளுங்க."
கேட்டேன். ஏற்கெனவே பதிந்த சொற்களையே கேட்டேன். அவருக்கும் அது தெரியும். முதல்முறை போலவே நிதானமாக விளக்கம் சொன்னார்.

மார்ச் 13. 10:30
"யக்கா... அடுத்த சொல்லு?"
சொன்னேன்.
பதில் இல்லை.

ஏப்ரல். தேதி பார்க்கவில்லை
பூமியிலிருந்து: "கப்பல் வரத் தாமதமாகும். பணியைத் தொடருங்கள், மேடம்."
என்ன பணி? யாரிடம் கேட்பது?
வடகுழி அலைவரிசையில் தினமும் பேசுகிறேன். பேசி முடித்துப் பொத்தானை விட்டதும், பதில் வந்துவிடும் என்று ஒரு கணம் இருக்கிறதே, அதற்கு ஒரு பெயர் தானாக வாயில் வந்தது. காதேந்தல். கையேந்தல் மாதிரி. நல்ல சொல்தான். ஆனால் பதிய முடியாது. இன்னொருவர் கேட்டுப் புரிந்துகொள்ளும்வரை அது சொல் இல்லை, வெறும் சத்தம்.
வானொலியில் சொன்னேன். பொருளையும் சொன்னேன். சரியா தம்பி என்று கேட்டேன்.
பொத்தானை விட்டேன்.