எட்டாவது சீசனில் இல்லாத டொக்டர்

ஆவணி, செவ்வாய் இரவு

மகள் நித்திரை. எனக்கு வரவில்லை.

கணவர் லண்டனில், நானும் மகளும் இங்கே உரும்பிராயில். எங்கள் விசா வரும்வரை நானும் அவரும் ஒரே துப்பறியும் தொடரைத் தனித்தனியே பார்த்துவிட்டு, மறுநாள் தொலைபேசியில் அதைப் பற்றிக் கதைப்பது என்று வைத்திருந்தோம். முதல் சீசன்களில் அந்த இன்ஸ்பெக்டர் சப்பாத்தில் ஒட்டிய மண்ணைப் பார்த்தே ஆளைப் பிடிப்பார். இப்போது எட்டாவது சீசன். கொலைகாரன் தானாக வந்து அழுது ஒப்புக்கொள்கிறான். இன்ஸ்பெக்டர் காதலித்துக்கொண்டு திரிகிறார்.

சில நாட்களாக அவர் எதற்கும் பட்டும் படாமலும் பதில் சொன்னார். இன்று பின்னேரம் சோதித்துப் பார்த்தேன்.

"அந்த டொக்டர்தான் கொலைகாரன் எண்டு நினைச்சனீங்களோ?"

"ஓமப்பா. துவக்கத்திலையே பிடிச்சிட்டன்."

"அதிலை டொக்டரே இல்லையப்பா."

அவர் சிரித்தார். "போன சீசனோடை விட்டிட்டன். சப்பெண்டு கிடக்கு. உமக்குச் சொன்னால் பிறகு என்னத்தைக் கதைக்கிறது? நீர் இன்ஸ்பெக்டரா நடிச்சால் அது உருப்படும்."

நானும் சிரித்தேன். எனக்கும்தான் அது பிடிக்காமல் போய்விட்டது. அவருக்காகத்தான் பார்த்தேன். கோபம் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த "ஓமப்பா" காதை விட்டுப் போகவில்லை. எவ்வளவு லேசாக, எவ்வளவு அன்பாகச் சொன்னார். ஒவ்வொரு கிழமையும் நான் விசா அலுவல் நடக்குதோ என்று கேட்கிறேன். இதே குரலில்தான் ஓமப்பா என்கிறார்.