பென்சிலின் என்று ஒரு வரி

12 நவம்பர் 2003, புதன்

மகளின் கிளினிக் கம்ப்யூட்டரில், வாடிப்பட்டி அம்மாளுக்குப் பென்சிலின் ஆகாது என்று நான் பதிந்த நொடியில் மின்சாரம் போனது. மின்சாரம் திரும்பியதும் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர் வந்து பார்த்தார்.

"ஒண்ணும் கெடலைம்மா. எந்த மாத்தம்னாலும் சிஸ்டம் முதல்ல தனியாக் குறிச்சுக்கிடும். குறிப்பு முழுசா இருந்தா, கரண்ட் வந்ததும் பார்த்து முடிச்சிரும். அரைகுறைன்னா தள்ளிரும். பழசு பத்திரம்."

"நான் கடைசியா எழுதினது?"

"குறிப்புல ஏறியிருந்தா உண்டு. திறந்து பார்த்துக்கங்க."

அப்போது மகள் எட்டிப் பார்த்து, "ஏத்தியாச்சாம்மா?" என்றாள். அவர் முன்னால் தடுமாற மனமில்லை. "ஆச்சு" என்றேன். பிறகும் திறந்து பார்க்கவில்லை.

நாளைக் காலை எட்டு மணிக்கு அந்த அம்மாளுக்கு ஊசி; கம்ப்யூட்டரில் இருப்பதைப் பார்த்துத்தான் மகள் மருந்தை முடிவு செய்வாள். கிளினிக் பூட்டியிருக்கிறது. மகள் அடுத்த அறையில் தூங்குகிறாள். பொய் சொன்னேன் என்று அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. எழுப்பப் போகிறேன்.