வாளிக்குள் பழுத்த மாங்காய்

இன்று காலை கயல் அந்த வாளியின் மூடியைத் திறந்தாள். சப்பட்டை மாம்பழ வாசம் அடுக்களையைத் தாண்டி வாசல் வரைக்கும் போய்விட்டது. பின்னால் தறி ஓட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா, தறியை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். என் இளையவள் தேனு வழக்கம்போல, "சித்திக்கு ஒண்ணு எடுத்து வைக்கணும்" என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்து மாம்பழக் காலமும் வந்துவிட்டது. எட்டு வயசுப் பிள்ளைக்கே வாய்ப்பழக்கம் போகவில்லை, எனக்கு மட்டும் எப்படிப் போகும், சொல்லு.

நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். என் பிள்ளைகளுக்கு நீ சித்தி ஆனது அப்படித்தான். நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் அறிவியல் டீச்சர் ஆனாய். நான் ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி நெய்கிற வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தேன். மூன்றாம் வகுப்பில் ஒரு வருசம் முழுக்க வாயையே திறக்காமல் போயிருந்த கயலைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறேன் என்று உன்னிடம் சொன்ன அன்றைக்கு, போனிலேயே என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாய். "ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? புள்ளையக் கெடுத்துப்புடாத. நான் சனிக்கிழமை வாரேன், இரு" என்றாய். சண்டை போடத்தான் வந்தாய். அந்தப் பச்சைக் குடையை நீ வாசலில் மடக்கின விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு எங்கள் வீட்டில் வழக்கமான அமளி. தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மாவு பொங்கி வழிந்திருந்தது. கயல் அவள் அப்பாவோடு நின்று, ஒரு அங்குலத் துணிக்கு எத்தனை இழை வரும் என்று பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேனு அப்போது சின்னவள். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்காவிடம் போய் "ஒக்கட்டி, ரெண்டு, மூடு" என்று வெண்டைக்காய் எண்ணிவிட்டு வந்து, அதையே என்னிடம் தமிழில் எண்ணிக் காட்டி, இரண்டு கணக்கும் ஒன்றாகவே வருகிறதே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தாள். நீ நாற்காலி நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்த்தாய். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிற அதிகாரிகூட உன்னிடம் தோற்றிருப்பார்.

பிறகு கயலைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டாய். தறி ஓடினால் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஏன் நடுங்குகிறது என்று கேட்டதாக ஞாபகம். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "தெரியல சித்தி. பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு டம்ளரையும் தூக்கிக்கொண்டு தறிப் பக்கம் போய்விட்டாள். எனக்கு மானம் போனது. சாப்பிடும்போதுதான் சொன்னாய்: "தெரியலன்னு சொல்றதுக்கு அவளுக்குப் பயமே இல்லையேட்டி. நான் நாப்பது புள்ளைக முன்னாடி ஒரு நாளும் அந்த வார்த்தையச் சொன்னதில்ல."

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நீ சண்டை போட வரவில்லை, வேடிக்கை பார்க்க வந்தாய். உனக்கே அடக்க முடியாத ஆசையாகிவிட்டது. அரிசி களைந்த தண்ணீர் ஏன் வெள்ளையாக இருக்கிறது, மேற்கே மலையில் மேகம் ஏன் ஒரே இடத்தில் நிற்கிறது, வத்திராயிருப்பு பஸ் மட்டும் ஏன் எப்போதும் தேங்காய் வாசம் அடிக்கிறது, இப்படிப் பிள்ளைகளோடு பிள்ளையாக நீயும் கேட்டுக்கொண்டிருந்தாய். ஒரு ஒப்பந்தம் மட்டும் போட்டாய். எதைக் கண்டுபிடித்தாலும் உடனே உனக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். நீ டீச்சர்கள் அறையில் இருந்தாலும் எடுத்து, "ம், சொல்லு" என்பாய். அந்த "ம், சொல்லு"வைக் கேட்பதற்காகவே என் பிள்ளைகள் எம்புட்டோ கண்டுபிடித்தார்கள்.

என் மாமனார் இருக்கிறாரே, மாமா, அவர்தான் ஒத்துக்கொள்ளவே இல்லை. ராணுவத்தில் இருந்து வந்தவர், அவருக்கு எல்லாம் வரிசையில் நிற்க வேண்டும். ஒருநாள் உன் முன்னாலேயே தீர்ப்புச் சொன்னார். "எட்டாங்கிளாஸ் பரீட்சைய இந்தப் புள்ள தனியா எழுதட்டும். ஒரு பாடம் போனாலும் அப்புறம் பள்ளிக்கூடந்தான். பேச்சே கெடையாது." நீதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அவ எழுதுவா மாமா. நான் சொல்றேன்ல" என்றாய். சொன்னவள் அவள் எழுதுவதைப் பார்க்க இருக்கவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், அதோடு சரி. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. யார்மேல் கோபம் என்றும் தெரியவில்லை.

பரீட்சை உன் ஊரில்தான். அறிவியல் பரீட்சை அன்றைக்கு விடிந்ததிலிருந்து ஒரே ஓட்டம். தறிக்கு நூல் வந்து இறங்கியது, தேனுவின் செருப்பில் ஒன்றைக் காணோம், மாமா இஸ்திரி போட்ட சட்டையோடு நாங்கள் எழுந்திருக்கும் முன்னாலேயே வாசலில் நின்றார். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் கயல் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். கோபுரம் தெரிந்ததும், "சித்தி ஊரு" என்றாள். அறிவியல்தான் நீ அவளுக்குப் பொறுப்பேற்ற பாடம். அது போனால் எல்லாமே போச்சு.

வெளியே வந்தவள் சிரித்துக்கொண்டே வந்தாள். மாமா எல்லோருக்கும் எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்து, "எல்லாத்துக்கும் எழுதிட்டியாம்மா?" என்று கேட்டார்.

"எழுதிட்டேன் தாத்தா. மாங்காய வைக்கோலுக்குள்ள மூடிப் பழுக்க வைக்கிறது ஏன்னு ஒரு கேள்வி. அது மட்டும் எனக்குத் தெரியல."

"சூடு! அது சூட்டுக்கு! இது தெரியாதா?"

"சூடுன்னு நீங்க சொல்லுவீங்க. ஆனா அதுதானான்னு எனக்குத் தெரியாதே? அதனால, 'இது எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' அப்படின்னு எழுதிட்டேன். அட்ரஸும் எழுதலாம்னு பாத்தேன். கூடாதுன்னு அந்த டீச்சர் சொல்லிட்டாங்க."

மாமா சோடாவைப் பாதியில் கீழே வைத்துவிட்டார். நான் நடுத்தெருவில் கத்தினேன். "ஏட்டி, ஒரு வரி எழுதித் தொலைச்சா என்ன? பரீட்சைப் பேப்பர்ல போயி யாராச்சும் அப்பறமா வந்து சொல்றேன்னு எழுதுவாங்களா?" அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதக் கூடாத ஒரு இடம் இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு யாருமே சொல்லிக் கொடுத்ததில்லை. நான் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது உன்னை மனசுக்குள் நல்லா ஏசினேன். "ம், சொல்லு, ம், சொல்லுன்னு நீதானே பழக்கிவிட்ட, இப்ப வந்து பதில் சொல்லு" என்று ஏசினேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மாமா, "ரிசல்ட் வரட்டும், பொறவு பேசிக்கிடுவோம்" என்றார். அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கயலுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. ஒத்துக்கொண்ட வேலை அவளுக்குத் தலைக்கு மேல் இருந்தது. பக்கத்து வீட்டு மரத்திலிருந்து ஒரே பருவத்தில் நாலு காய் கேட்டு வாங்கி வந்தாள். ஒன்றைத் தட்டில் திறந்து வைத்தாள். ஒன்றை வைக்கோல் போட்ட கூடைக்குள் மூடினாள். தாத்தா சூடு என்று சொன்னாரே என்று ஒன்றை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். நாலாவதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தபோது தெலுங்கு அக்கா, "ஒரு வாளில வையி. கூட ஒரு அரட்டிப்பண்டு போடு, எங்க வீட்ல அப்படித்தான்" என்று ஒரு கனிந்த வாழைப்பழத்தைக் கொடுத்தார். அதையும் உள்ளே போட்டு மூடினாள்.

பிறகு தினமும் காலையில் அடுக்களையில் யாரோ நடமாடுகிற சத்தம். எலி என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால், மாமா! அடுப்புப் பக்கத்து மாங்காயைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும், "தண்ணி குடிக்க வந்தேன்" என்றார். கையில் டம்ளர் இல்லை. நீ இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே சிரித்திருப்போம்.

இன்றைக்கு எல்லாவற்றையும் வரிசையாகத் திறந்தாயிற்று. அடுப்புப் பக்கத்தில் இருந்தது சுருங்கிக் கிடக்கிறது. தட்டில் இருந்தது இன்னும் காய்தான். வைக்கோலில் வைத்தது ஒரு பக்கம் மஞ்சள். வாளியில் இருந்தது நெஞ்சை அடைக்கிற வாசத்தோடு கனிந்து கிடக்கிறது. மாமா சுருங்கின காயைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அதைக் கீழே வைத்துவிட்டுக் கயலைப் பார்த்து, "சரிம்மா, அந்த வாழப்பழம் இல்லாம வெறும் வாளில மூடி வச்சா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ரிசல்ட் இன்னும் வரவில்லை. அந்தப் பதிலுக்கு முட்டைதான் விழுந்திருக்கும். பாஸா பெயிலா என்பதும் தெரியாது. ஆனால் மாமா ஒரு கேள்வி கேட்டார். அந்த மனுசர் வாயிலிருந்து உத்தரவைத் தவிர நான் வேறு எதையும் கேட்டதில்லை.

மாமாவும் தேனுவும் மறுபடியும் காய் வாங்கக் கிளம்பினார்கள். கயல் மட்டும் அடுக்களை வாசலில் நின்றாள். கையில் என் போன் இருந்தது. பழக்கத்தில் எடுத்து உன் பெயர் வரைக்கும் தள்ளிவிட்டாள் போலிருக்கிறது. அந்த எண்ணை நான் இன்னும் அழிக்கவில்லை.

"அம்மா, இத யார்ட்ட சொல்றது?"

நான் போனை வாங்கி வைத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னேன். ஒரு தாளை எடுத்தேன். உன்னை மாதிரி எனக்கு வருமா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்லிப் பார்த்தேன். "ம், சொல்லு."

அவள் சொன்னது இது: "சித்தி, சூடு மட்டும் இல்ல. மூடி வச்சாத்தான் சீக்கிரம் பழுக்குது. வாழப்பழத்துல இருந்து என்னமோ ஒண்ணு வருது. என்னன்னு தெரியல. பாத்துட்டுச் சொல்றேன்."