காரவள்ளி தூரமும் கராச்சி தூரமும்

அக்கா, இன்று காலை சாமைக் காட்டில் களை எடுக்கும்போது விமானச் சத்தம் கேட்டது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் நிமிரவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு உன் கைதான் நினைவுக்கு வருகிறது. பிரசவ வலியில் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்த கை.

அன்று உன்னை மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறக்கி, அங்கிருந்து வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாசலில் டோலி கட்டியாகிவிட்டது. சுமக்கும் நாலு பேரும் வந்துவிட்டார்கள். அப்போதுதான் மிளகு வியாபாரி தன் விருந்தாளியோடு வந்தார். மலை மிளகு முழுக்க அவர் ஒருவரே வாங்கியதால் அவரை எதிர்த்துப் பேச ஆளில்லை. விருந்தாளி திருச்சியில் விமானம் ஏற வேண்டுமாம். ரயிலில் நாள்கணக்காகும் கராச்சிக்கு, இன்று பறந்தால் நாளை போய்விடலாமாம். அப்பாவிடம் வியாபாரி பெருமையாக விளக்கிவிட்டு, "பிரசவம் சித்த நேரம் பொறுக்கும். விமானம் பொறுக்குமா?" என்றார்.

நீ என்னிடம் மட்டும் கேட்டாய்: "கண்ணு, காரவள்ளிய விடக் கராச்சி கிட்டத்துலயா இருக்குது?"

உன் டோலியில் அந்த விருந்தாளி போனார். ஆட்கள் பொழுது சாய்ந்துதான் திரும்பினார்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு பாதி வழி இறங்கி, அத்திமரத்தடியில் தோள் மாற்ற இறக்கினோம். மறுபடி தூக்கியபோது மலையை நோக்கித் திரும்பினோம். நீயும் இல்லை, உன் பிள்ளையும் இல்லை.

பிணம் சுமந்த டோலிக் கழியைச் சுடுகாட்டிலேயே போட்டுவிட வேண்டும். உயிருள்ளவர் அதில் ஏறக்கூடாது. எல்லோரும் குளிக்கப் போன பிறகு, அந்த மூங்கிலை நான் எடுத்து வந்து கொட்டகைக் கூரையில் செருகினேன். எதற்கென்று எனக்குத் தெரிந்திருந்தது.

சென்ற தை மாதம் மிளகு எடைபோட வந்த வியாபாரி பாறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். டோலிக்குக் கழி தேடினார்கள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று உன்னையும் முன்னால் நின்று சுமந்த பெரியப்பா கழியைத் தடவிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு அதையே டோலிக்குக் கட்டினார். நானும் கூடவே இறங்கினேன்.

அதே அத்திமரத்தடியில் தோள் மாற்ற இறக்கினார்கள். வாத்தியார் கேள்வி கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பள்ளியை விட்டு நின்றவள் நான். வியாபாரியின் அருகில் போய்ச் சொன்னேன்.

"ஏனுங்க, எங்கக்கா பொணத்தத் தூக்கியாந்த கழிங்க இது."

அவர் அலறிப் புரண்டு கீழே விழுந்தார். மறுபடி ஏற மாட்டேன், வேறு மூங்கில் வெட்டி வாருங்கள் என்று கெஞ்சினார்.

"வெட்டியாரலாமுங்க. அவசரமென்ன, வெமானத்துக்கா போறீங்க?" என்றார் பெரியப்பா.

நாலு பேரும் நிதானமாகத்தான் நடந்து போனார்கள். நான் எதிரே உட்கார்ந்து அவர் முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரக்கம் வரவில்லை, அக்கா. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். நீயாக இருந்தால் கொடுத்திருப்பாய் என்பதற்காக மட்டும்.

அவர் பிழைத்துவிட்டார். நொண்டி நடக்கிறார். மலைப்பக்கம் வருவதில்லை. கழியை என் தோளில் வைத்து மேலே கொண்டுவந்தேன். பழையபடி கூரையில் இருக்கிறது. இனி மிளகு வாங்க, கராச்சி போன அந்த விருந்தாளியே வருவாராம்.

பூச்சி அரிக்காமல் கழிக்குப் புகை காட்டி வைத்திருக்கிறேன்.