பச்சைத் தோல்

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகள் பிரிசில்லாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நானும் அம்மாவும் இங்கே நடமாடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டு சுகமாகவே இருக்கிறோம். டப்ளினில் நீயும் மாப்பிள்ளை ஆல்வினும் குழந்தை ரோஹனும் அப்படியே சுகமாக இருக்க வேண்டுமென்பதுதான் எங்கள் ஜெபம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது கம்மி. மழை இந்த வருஷம் ஜாஸ்தி, பாலாற்றில் தண்ணீர் வந்தது, ஊரே பாலத்தின்மேல் நின்று போட்டோ எடுத்தது. போனில் பேசாமல் எதற்குத் தாளில் எழுதுகிறார் இந்த மனுஷன் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் மீட்டிங்ப்பா என்று வைத்துவிடுகிறாய். குரூப்பில் எழுதினால் உங்கள் கம்பெனி மிஷின் அதைத் திருத்தி, நான் செத்து நாலு நாளானதாக உனக்குக் காட்டினாலும் காட்டும். தாளில் எழுதினால் எழுதியது எழுதியபடி வந்து சேரும், ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கடைசிவரை படி.

போன மாதம் நான் பேப்பருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். வெளியூர்களிலிருந்து மண்டிக்குப் பச்சைத் தோல் வருவது நின்றுபோய், பைபாஸ் பக்கத்தில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் இருநூறு பேரைக் காலவரையின்றி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான் விஷயம். பச்சைத் தோல் என்றால் பதனிடாத தோல், மயிரோடு உப்புப் போட்டு லாரியில் வந்து இறங்குவது, இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட அந்த நாற்றம் தெரியும். கேட்டுக்கு வெளியே நின்ற பெண்களை ஒரு போட்டோ எடுத்தேன். ஒருத்தியை நீ கொஞ்சம் முன்னால வாம்மா என்று கூப்பிட்டு நிறுத்தினேன், அவள் கேமராவைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் சிரித்தாள், வேலை போன செய்திக்குச் சிரித்த மூஞ்சி ஆகாது என்று நான்தான் சிரிக்காதே என்றேன். பச்சைத் தோல் வரத்து குறைவு, ஆம்பூரில் 200 பேர் பாதிப்பு என்று தலைப்புப் போட்டு அனுப்பினேன். பாதிப்பு என்று எழுதியது என் தப்புதான், வெள்ளம் வந்தாலும் பாதிப்பு கரண்டு போனாலும் பாதிப்பு என்று எழுதி எழுதிக் கை மரத்துப்போன சோம்பேறித்தனம் அது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் நீ வேலை பார்க்கிற கம்பெனியின் நியூஸ் ஆப்பில் அதே செய்தி வந்தது. ஆம்பூரில் பரவும் பச்சைத் தோல், 200 பேர் பாதிப்பு, அறிகுறிகள் என்னென்ன என்று தலைப்பு. என் தமிழை இங்கிலீஷாக்கி, அந்த இங்கிலீஷை மறுபடி தமிழாக்கி, நடுவில் எங்கேயோ டேனரியைத் தொலைத்துவிட்டு, கீழே அறிகுறி வேறு வரிசையாகப் போட்டிருந்தது அந்த அறிவுக்கொழுந்து. அரிப்பு, நிறமாற்றம், சோர்வு, உடனே மருத்துவரை அணுகவும். அடியில் செய்தி: தேவசகாயம் என்று என் பெயர். போட்டோவில் முன்னால் நின்றவளின் விரலில் சாயம் ஒட்டியிருந்தது, மூன்றாம் நாள் எவனோ ஒரு மகானுபாவன் அந்த விரலுக்குச் சிவப்பு வட்டம் போட்டு மறுபடி சுற்ற விட்டான். குடியாத்தம் பஸ்ஸில் நான் ஆம்பூர் டிக்கெட் என்று தெரிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து போய் நின்றுகொண்டே வந்தாள். அங்கே ஒரு மருந்துக்கடைக்காரன் பச்சைத் தோலுக்கு க்ரீம் விற்றானாம். நர்ஸ் வேலையிலிருந்து ரிட்டயரான உன் அம்மாவுக்கு ஒரு நாளைக்கு இருபது போன், இன்னா தடவலாம் சிஸ்டர் என்று. அவள் எல்லாரையும் திட்டித் திட்டித் தொண்டை கட்டிக்கொண்டாள்.

நான் வேலூர் ஆபீசுக்குப் போன் போட்டேன். சப் எடிட்டர் கோவிந்தசாமியை உனக்குத் தெரியும், உன் கல்யாணத்துக்கு வந்து மூன்று தடவை பாயசம் கேட்டவன். சண்டைக்குத் தயாராகப் பேசினால் அவன் எனக்கு வாழ்த்துச் சொல்கிறான். வாழ்த்துக்கள் சார், நாலு லட்சம் பேர் பாத்திருக்காங்க, நம்ம எடிஷன் ஆரம்பிச்சதுலேர்ந்து இதான் டாப்பு, இதே மாதிரி இன்னும் நாலு ஸ்டோரி அனுப்புங்க என்கிறான். இது பொய்டா என்றேன். பொய் நாம போடல சார், நாம போட்டது கரெக்டு, அவங்க மாத்திக்கினாங்க, அவங்ககிட்ட பேசறதுக்கு நமக்கு ஆளே கெடையாது என்றான். சிரிப்பதா அழுவதா சொல். கலெக்டரையே கேள்வி கேட்போம் என்று மார்தட்டிய பேப்பர், இன்றைக்கு உங்கள் கம்பெனி வாசலில் இலை போடுவார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறது. எடிட்டர் என்கிறவர் செய்தியைப் பார்ப்பதே இல்லை, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டுகிற ஒரு கோடு மேலே போகிறதா கீழே போகிறதா என்று டிவியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். மறுப்பு எழுதிக் கொடுத்தேன், ஏழாம் பக்கத்தில் தீப்பெட்டி அளவு போட்டார்கள். நெட்டிலும் போட்டார்கள். முப்பத்தோரு பேர் பார்த்திருக்கிறார்கள், அதில் பதினொன்று நான். நோய் என்றால் நாலு லட்சம் வீட்டுக்குத் தானாகப் போய்க் கதவைத் தட்டுகிற உங்கள் ஆப், நோய் இல்லை என்பதை ஒரு நாய்க்கும் சொல்லவில்லை. இதற்கு டெக்னாலஜி என்று பெயர், இதற்கு ஏழு மாடிக் கட்டடம், அதில் இலவசமாகக் காபி.

உங்கள் கம்பெனிக்கும் புகார் அனுப்பினேன். போன் நம்பர் கிடையாது, விலாசம் கிடையாது, கட்டம் கட்டமாக ஒரு ஃபார்ம்தான். இந்தச் செய்தியில் உங்களுக்குப் பிடிக்காதது எது என்று கேட்டு ஆறு பதில் கொடுத்திருந்தான், பொய் என்பது அந்த ஆறில் இல்லை. வேறு என்று அமுக்கி முழு விவரத்தையும் எழுதினேன். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது, தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம், இந்தப் பதிவு எங்கள் விதிகளை மீறவில்லை என்று. ஒரு நிமிஷத்தில் எந்த மனுஷன் படித்தான்? உன்னைக் கேட்டதற்கு நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அது என் டீம் இல்லப்பா, நான் நோட்டிபிகேஷன் டீம், ஃபார்ம் போடுங்க என்றாய். செய்தி எப்போது வந்தால் ஜனங்கள் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு போனை எடுப்பார்கள் என்று கணக்குப் பார்க்கிற உத்தியோகம். எம்.சி.ஏ. வரை படிக்கவைத்து உன்னை மணியடிக்க அனுப்பியிருக்கிறேன். கோபப்படாதே, கோபம் எனக்குத்தான் நிறைய இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போட்டோவில் முன்னால் நின்றாளே, அவள் டேனரியை விட்ட ஒரு வாரத்தில் பைபாஸில் தௌசீப் அகமது பிரியாணிக் கடையில் பார்சல் கட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். பெங்களூர் போகிற காரெல்லாம் நிற்கிற கடை. ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளைப் பார்த்து, போனைப் பார்த்து, தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். கடைக்கார தௌசீப் அவளைப் பின்கட்டில் வெங்காயம் உரிக்க அனுப்பினார். அங்கேயும் ஜன்னல் வழியாக எவனோ வீடியோ எடுத்தான். கொஞ்ச நாள் வூட்ல இரும்மா என்று சொல்லிவிட்டார். நான் போய்ச் சத்தம் போட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, சார், எங்க தாத்தா காலத்துலேர்ந்து தோல் மண்டி எங்களுது, பச்சைத் தோலுன்னா இன்னான்னு எனக்குப் பாடம் எடுக்காதீங்க, ரோட்ல போற கஸ்டமருக்கு எடுங்க, எனக்கும் பேஜாராத்தான் இருக்குது, அந்தப் போட்டோ மட்டும் போவட்டும், மறுநாளே வரச் சொல்றேன் என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆக அந்தப் பெண்ணின் வேலை உங்கள் கட்டடத்தில் யாரோ ஒருவன் விரலில் இருக்கிறது.

பிரிசில்லா, அந்தப் போட்டோவை நம் குடும்பக் குரூப்பில் முதலில் போட்டது நீதான். அப்பா, ஊர்ல இன்னா நடக்குது, இந்தப் பொம்பளைங்க பக்கத்துல போகாதீங்க, மாஸ்க் போடுங்க என்று எழுதினாய். உங்கள் டப்ளின் தமிழ்ச் சபை குரூப்பிலும் ஜெபத்துக்காகப் போட்டாய் என்று ஆல்வின் சொன்னார். அடியில் உன் அப்பன் பெயர் இருந்ததைப் பார்க்கவில்லை, சரி, எழுத்து சின்னது. பச்சைத் தோல் என்பதைப் படித்தும் ஆம்பூர்க்காரியான உனக்கு உறைக்கவில்லை, அதையும் விடு. முன்னால் நின்றவள் மேகலாடி. பத்தாவது வரை உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். உனக்கு அம்மை போட்டு ஒரு மாதம் படுத்திருந்தபோது எல்லாப் பாடத்தையும் உன் நோட்டில் எழுதி இங்கே கொண்டுவந்து கொடுத்தவள். அவள் மூஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பொம்பளைங்க என்று எழுதியிருக்கிறாய். இதை உன்னிடம் போனில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அதனால்தான் இந்தத் தாள்.

சனிக்கிழமை காலையில் அவள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வராமல் கேட்டிலேயே நின்றாள், அம்மா போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். உங்களாலதான் என் பொழப்பு போச்சு என்று ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பிரிசில்லா அந்தக் கம்பெனிலதான சார் இருக்கா, அவ இன்னும் பாத்திருக்க மாட்டா, பாத்திருந்தா அன்னிக்கே எடுத்திருப்பா, என் மூஞ்சி அவளுக்குத் தெரியாதா என்றாள். அம்மா சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நான் மேகலா முகத்தைப் பார்த்து, ஆமாம்மா, அவ இன்னும் பாக்கல என்றேன். முப்பத்திரண்டு வருஷமாகச் செய்தி எழுதுகிறேன், தப்பாக எழுதியிருக்கிறேன், அவசரத்தில் எழுதியிருக்கிறேன், தெரிந்தே பொய் சொன்னது அன்றைக்குத்தான். உன் மானத்தைக் காப்பாற்ற அவளிடம் சொன்னேன். அவள் அதை நம்பி, நிம்மதியாகக் காபியைக் குடித்துவிட்டுப் போனாள்.

இந்தக் கடிதத்தைப் படித்ததோடு நீ அவளைப் பார்த்துவிட்டாய். இனிமேல் டீம், ஃபார்ம் என்று என்னிடம் பேசாதே. நாற்காலியை விட்டு எழுந்து, எந்த மாடியோ அந்த மாடிக்கு நடந்து போய், எவன் அதை எடுக்க முடியுமோ அவன் முன்னால் நின்று, இவள் என் சிநேகிதி என்று சொல். குளிருக்குக் குழந்தைக்குக் காதை மூடிவிடு, ஆல்வினை வேளைக்குச் சாப்பிடச் சொல். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் வீட்டுக்குச் சமாதானம் தரட்டும். மேகலாவின் நம்பரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். படத்தை எடுத்துவிட்டால் நீயே அவளைக் கூப்பிட்டுச் சொல். எடுக்க முடியாது என்றாலும் நீயே கூப்பிட்டுச் சொல், உனக்காக இன்னொரு முறை நான் சொல்லமாட்டேன்.

உன்மேல் பாசம் குறையாத அப்பா,
தே. தேவசகாயம்