துடைத்துவிட்ட வளையங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். முழங்கால் வலி குறைந்ததா? வலியோடு லாரி ஓட்டாதீர்கள்.

எனக்கு ஒன்றுமில்லை, கோபம்தான். எங்கள் செயற்கைக்கோள் ஒரே மேகத்தைப் பல கோணங்களில் படமெடுக்கும். உங்கள் கூலிங் கிளாஸ் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடுமே, அதுபோன்ற கண்ணாடி வழியாகத்தான். அப்படிப் பார்த்தால் மேகத்தில் வானவில் போல வளையங்கள் தெரியும். அவற்றை அளந்தால் மேகத்துளி எவ்வளவு பெரிது என்று சொல்லிவிடலாம். துளி பெருத்தால்தானே மழை!

நான் காத்திருந்த படம் நேற்று வந்தது. வளையமே இல்லை. மேலாளரைக் கேட்டேன்.

“அந்த வளைஞ்ச கோடுங்களா? அழுக்கா இருந்துச்சும்மா. நான்தான் வழவழன்னு ஆக்கிட்டேன்” என்றார், பெருமையாக.

“சார், அந்தக் கோட்டைத்தானே அளக்கணும்?”

“அப்படியா? ஆனா இப்பத்தான் பாக்க அழகா இருக்கு.”

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. இதில் மூட்டைப்பூச்சிகூடக் கிடையாது! நல்லவேளை, மூலப்படம் பத்திரமாக இருக்கிறது. கவலைப்படாதீர்கள், நான் சத்தம் போடவில்லை. கதவைத்தான் கொஞ்சம் வேகமாகச் சாத்தினேன்.

உங்கள் பழைய கூலிங் கிளாஸை அனுப்புங்கள். அவரை ஜன்னலருகே நிறுத்தி, அதைத் திருப்பத் திருப்ப வானத்தின் வெளிச்சம் மாறுவதைக் காட்டப்போகிறேன். இங்கேயும் கடையில் கிடைக்கும்தான். ஆனாலும் உங்களுடையதே வேண்டும். துடைக்காமல் அனுப்புங்கள். உங்கள் கைரேகை பதிந்திருந்தால் அப்படியே இருக்கட்டும். துடைப்பதற்கு இங்கே ஆள் இருக்கிறது.

பஸ் வந்துவிட்டது,
உங்கள் மகள்